பவுடர் பூசிய இன்ஜின்

கோயம்புத்தூரில் நாங்கள் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டின் சொந்தக்காரம்மா கீழே குடியிருக்கிறார். கார் நிறுத்தும் இடத்துக்கு அவர் ஆசைப்பட்டு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தார். போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிப்படிக்கு அடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏனம்மிணி, செத்த கீழ வந்து பாரு. உன்ற காரு ஒண்ணுக்குப் போயிருக்குதாட்ட இருக்குது.”

இறங்கிப் போனேன். முன்சக்கரங்களுக்கு நடுவே, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, தோசைக்கரண்டியின் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். அந்த அம்மாவுக்குக் கோபம் இல்லை. ஆனால் டைல்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அப்படியே குந்தி உட்கார்ந்து, விரலால் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனேன். தண்ணீர் இல்லை, பிரேக் ஆயிலும் இல்லை. இன்ஜின் ஆயில்தான்.

“மோந்து பாக்கறதுக்கு அதென்ன ரசமா?” என்று கேட்டுவிட்டு, அவர் சோப்புத்தூள் எடுக்க உள்ளே போனார்.

எண்ணெய்க் கறை என் பிழைப்போடு சேர்ந்த விஷயம். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை இருக்கிறதா, இழை விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறையைக் கண்டுபிடிப்பது வேலையில் பாதிதான். அது பின்னல் மிஷினில் எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் அடுத்த ரோல் சுத்தமாக வரும். வருடக்கணக்காக இதைச் செய்ததில் ஒன்று தெரிந்துபோயிருந்தது. எண்ணெய் கசிந்த இடத்தில் சொட்டாது. குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்து, போல்ட்டைச் சுற்றி வந்து, தனக்கு வசதியான ஒரு முனையில் நின்று சொட்டும்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியர். கார் ஓட்டமாட்டார், கற்றுக்கொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வருவார். கறையைப் பற்றிச் சொன்னதும் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, “பழசாயிருச்சு அம்மிணி. வித்துப்போட்டு வேற பாத்துக்கலாம்” என்றார்.

“எங்க ஒழுகுதுன்னே தெரியாம எப்புடீங்க விக்கறது?”

“தெரியாததுனாலதான் விக்கணும்.”

வழக்கமாக சர்வீஸ் விடும் பட்டறை எங்கள் தெரு முனையிலேயே இருக்கிறது. மறுநாள் வேலைக்குப் போகும் முன் அங்கே காட்டினேன். பட்டறைக்காரர் வண்டியை மேலே தூக்கி, டார்ச் அடித்து, என்னையும் அடியில் வரச்சொல்லிக் காட்டினார். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பளபளவென்று ஈரம் இருந்தது.

“இதுக்கு உள்ள ஆயில் சீல்னு ஒரு ரப்பர் வளையம் இருக்குதுங்க மேடம். அது போயிருக்கும். கியர்பாக்ஸையே கழட்டி இறக்கித்தான் மாத்தணுங்க. வண்டி கொஞ்ச நாளைக்கு இங்கயே நிக்கும்.”

“வேற எங்கிருந்தாவது ஒழுகி வந்து இங்க நிக்கலாமில்லீங்களா?”

அவர் யோசித்தார். “நிக்கலாமுங்க. ஆனா இந்த எடத்துல ஈரம்னா பெரும்பாலும் அந்த சீல்தானுங்க.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஈரம் இருந்தது, நானே பார்த்தேன். ஆனாலும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி கியர்பாக்ஸை இறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பார்த்தோம். அளவு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

அன்று தொழிற்சாலையிலிருந்து வெட்டியதுபோக வீணான வெள்ளைப் பனியன் துணி ஒரு கட்டு எடுத்து வந்தேன். திருப்பூர் பக்கம் பட்டறைக்காரர்கள் கை துடைப்பது எல்லாம் இந்தத் துணியில்தான். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அடியில் ஒன்றை விரித்தேன். கீழ் வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, “அணையாடையா?” என்றார். ஆமாங்க என்றேன்.

காலையில் துணியை எடுத்தால் நடுவில் ஒரு பெரிய பொட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் சாயங்காலம் நல்ல மழை. அவிநாசி ரோடு முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வீடு வந்து சேர வழக்கத்தைவிட மிகவும் நேரமாகிவிட்டது. மறுநாள் காலை துணி வெளுத்தது வெளுத்தபடியே கிடந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடியும் பொட்டு.

நான் அந்தத் துணிகளை வரிசையாக மாடிப்படிக் கைப்பிடியில் போட்டுவைத்தேன். பள்ளிக்குக் கிளம்பிய கணவர் அங்கே நின்றார்.

“என்ன அம்மிணி, கறைக்குக் கண்காட்சி வெச்சிருக்கறயா?”

“பாருங்க. நடுவுல ஒரு நாள் மட்டும் சுத்தமா இருக்குது. அது ஏன்னு புரியல.”

பஸ்ஸுக்கு நேரமாகியும் அவர் நகரவில்லை. ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பார்த்தார். “மழையில நனைஞ்சா ஒழுகாதோ?” என்றார். அது எனக்கும் தோன்றியிருந்தது. சரியாக இருக்கும் என்று இருவருக்குமே படவில்லை. ஆனால் அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் உக்கடம் பக்கம் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். பள்ளிவாசலுக்குப் பின்னால் குறுகலான தெருவில் பட்டறை. இரண்டு வண்டி நிறுத்தினால் மூன்றாவதுக்கு இடமில்லை. மெக்கானிக் பாய்க்கு என் வயதுதான் இருக்கும். நான் கதையைச் சொல்லி, பையிலிருந்து துணிகளையும் எடுத்து பானெட்மேல் விரித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“எல்லாரும் வண்டியத்தான் கொண்டாருவாங்க. நீங்க சாட்சியும் கூட்டிட்டு வந்திருக்கீங்களேக்கா.”

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து மேலேயும் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் இப்பத் தெரியலீங்கக்கா. பின்னாடி பூராவுமே ஈரமாக் கெடக்குது. எல்லா எடமும் ஈரமா இருந்தா எதுல ஆரம்பிச்சுதுன்னு எப்படிச் சொல்றது? முதல்ல கழுவிப்போடுவோம்.”

டீசலில் பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டு இன்ஜினைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். இத்தனை வருடத்தில் என் இன்ஜின் வெள்ளி நிறம் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

“ஊட்டுல மூஞ்சிக்குப் பூசற பவுடர் இருக்குமில்லீங்களா? ஞாயித்துக்கெழம காலையில இன்ஜின் ஆறிக் கெடக்கறப்ப, பின்பக்கமா நல்லாத் தூவி விடுங்க. பெல்ட் மேல மட்டும் படாமப் பாத்துக்குங்க. ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்திப் பாருங்க. எங்க ஆயில் வந்தாலும் வெள்ளையில கறுப்பாத் தெரிஞ்சுபோயிரும்.”

வெள்ளைத் துணியில் கறை தேடுகிற எனக்கு இன்ஜினையே வெள்ளைத் துணியாக்கலாம் என்று தோன்றவில்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை பவுடர் டப்பாவோடு கீழே இறங்கினேன். கணவரும் செய்தித்தாளோடு பின்னாலேயே வந்தார். நான் தூவ, அவர் பெல்ட்மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டார். மல்லிகை வாசனை தெருவரைக்கும் வீசியது. கீழ் வீட்டம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருப்பார்.

“நானும் வாரேன்” என்று கணவர் ஏறி உட்கார்ந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி தவிர, சும்மா ஒரு காரணமும் இல்லாமல் நாங்கள் இருவரும் அந்த வண்டியில் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. இதற்கும் காரணம் இருந்தது என்பது வேறு விஷயம்.

திருச்சி ரோட்டில் சூலூர் வழியாகப் பல்லடம் வரை போனோம். முகூர்த்த நாள். சிங்காநல்லூர் தாண்டுவதற்குள்ளேயே நெரிசல். சூலூரில் இன்னொரு நெரிசல். மெதுவாகவே போக முடிந்தது. பல்லடத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். சூட்டில் மல்லிகை வாசனை இன்னும் தூக்கலாக வந்தது. கறிக்கோழிக் கூண்டுகள் ஏற்றிய வேனின் டிரைவர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, இன்ஜினுக்கே திருநீறு பூசியிருக்கீங்களா? எந்தக் கோயிலுங்க?”

“திருநீறு இல்லீங்க, பவுடருங்க” என்றார் என் கணவர் வகுப்பில் பாடம் நடத்தும் குரலில். “ஆயில் எங்க ஒழுகுதுன்னு பாக்கறமுங்க. ஒழுகற எடத்துல கறுப்பாத் தெரியும்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து குனிந்தார். மூன்று பேரும் பார்த்தோம். எங்கும் கறுப்பு இல்லை. பூசிய பவுடர் பூசியபடியே இருந்தது.

“ஒழுகலியே” என்றார் டிரைவர், எங்களுக்காக வருத்தப்படுகிறவர் போல.

திரும்பி வந்து துணி விரித்தேன். திங்கள் காலையில் துணியும் சுத்தம். கீழ் வீட்டம்மாவுக்குச் சந்தோஷம். “சரியாப் போச்சாட்ட இருக்குது” என்றார். எனக்குச் சந்தோஷமே இல்லை. நேற்றுக் கறை போட்ட மிஷின் இன்று போடவில்லை என்றால் எங்கள் தொழிற்சாலையில் யாரும் நிம்மதி அடையமாட்டோம். நாளைக்கு எந்த ரோலில் போடும் என்றுதான் பயப்படுவோம்.

பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் வாயைக் கொப்புளித்துவிட்டுக் கேட்டார்: “நேத்துப் பல்லடம் போனப்ப நீ நாப்பதுக்கு மேல போகவே இல்ல. ஃபேக்டரிக்குப் போறப்ப எத்தனையில போவே?”

என்னோடு பைபாஸில் அவர் ஒருநாளும் வந்ததில்லை.

“ரோடு காலியா இருந்தா எம்பது... எம்பதுக்குக் கொஞ்சம் மேல.”

“கொஞ்சம்னா?”

“அத விடுங்க. மழையன்னைக்கு ஊர்ந்துதான் வந்தேன். நேத்தும் ஊர்ந்துதான் போனோம்.” சொல்லும்போதே இருவருக்கும் புரிந்துவிட்டது. அவர் பல்துலக்கியை என்னை நோக்கி ஆட்டினார். “வேகமாப் போனாத்தான் ஒழுகுது!” என்றார். உதட்டோரம் இன்னும் நுரை ஒட்டியிருந்தது. வினாத்தாளில் கடைசிக் கேள்விக்கு விடை எழுதிய மாணவன் மாதிரி இருந்தார்.

அந்த வாரம் வேலைக்குப் போய்வந்ததில் பவுடர் எண்ணெயோடு குழைந்து அடையாளம் தெரியாமல் போக, சனிக்கிழமை பாயிடம் இன்ஜினை இன்னொருமுறை கழுவிக்கொண்டேன். ஞாயிறு இன்னும் சீக்கிரமாகக் கிளம்பினோம். மறுபடியும் பவுடர், மறுபடியும் செய்தித்தாள். இந்த முறை அவிநாசி ரோடு. நீலாம்பூர் தாண்டியதும் சாலை அகலமாகத் திறந்துகொண்டது. நான் அமுக்கினேன். கணவர் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை. ஒரு லாரியைக் கடக்கும்போது மட்டும், “இப்படித்தான் தெனமும் போறயா?” என்றார். தினமும் இல்லை, ரோடு காலியாக இருந்தால் என்றேன்.

அவிநாசியில் கோயில் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். பானெட்டைத் திறந்தேன். முன்னால் எல்லாம் வெள்ளை. இன்ஜினுக்குப் பின்பக்கம் குறுகலாக இருக்கும், தலையை நுழைக்க முடியாது. சூடு வேறு அடித்தது. என் கணவர் செல்போனை எடுத்து, விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனை இன்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார். கிணற்றில் விழுந்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி நிதானமாக இடமும் வலமும் நகர்த்தி மேலே எடுத்தார்.

நிழலில் நின்று இருவரும் பார்த்தோம். முதலில் வெறும் வெள்ளைச் சுவர். பிறகு இடது ஓரத்தில், மேலிருந்து கீழே ஒரே ஒரு கறுப்புக் கோடு. மெல்லிசான கோடு. அது கீழே இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற அந்த இடத்தில் பரவி நின்றது. மேலே எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், இன்ஜினின் தலைமேல் இருக்கும் மூடியின் பின்மூலை.

“வந்துருச்சு!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த வழியாகச் சாமி கும்பிடப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து ஓட்டலில் தோசை சொல்லிவிட்டு அந்த வீடியோவையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். கோடு எங்கே வளைகிறது, எந்த போல்ட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். சட்னி ஊற்ற வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு அக்கறையோடு கேட்டார்: “ஸ்கேனுங்களா? ஒண்ணும் பயமில்லியே?”

“பயமில்லீங்க. மேலாப்புலதான்” என்றார் என் கணவர்.

அப்போதே உக்கடத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இருப்பேன், வாங்க என்றார் மெக்கானிக் பாய். நேராக அங்கேதான் போனோம். வீடியோவைப் பார்த்ததும் நாக்கைச் சப்புக் கொட்டினார். “மேல் மூடிக்கு அடியில இருக்கற ரப்பர் பேக்கிங்தானுங்க. கியர்பாக்ஸ் சீல் பக்கமே போக வேண்டியதில்ல. கழட்டி மாத்திப்போட்டா முடிஞ்சுது.” ஸ்பேனரை எடுத்தார்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. “பேக்கிங் போயிருந்தா எப்பவும்தானுங்க ஒழுகணும்? மெதுவாப் போனா ஏன் ஒழுகறதில்ல?”

அவர் முதல் போல்ட்டில் வைத்த ஸ்பேனரை எடுத்துவிட்டார். “நீங்க கேக்கறது சரிதான்” என்று சொல்லிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். என் பையிலிருந்த பனியன் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அந்த வாய்மேல் வைத்தார்.

“நல்ல இன்ஜின்னா துணிய லேசா உள்ள இழுத்துப் புடிச்சுக்கும். பாருங்க.”

துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்துப் பிடித்தார். இன்ஜின் உறுமியது. துணி முதலில் நடுங்கியது. பிறகு உப்பியது. அப்புறம் துள்ளிக் குதித்துத் தரையில் விழுந்தது. நாங்கள் மூவரும் தரையில் கிடந்த துணியைப் பார்த்தோம்.

“இன்னொருக்கா வைங்க” என்றார் என் கணவர். இன்னொருமுறை வைத்தார். மறுபடியும் குதித்தது.

இன்ஜினுக்கு உள்ளே கொஞ்சம் புகைக்காற்று எப்போதும் சேர்ந்துகொண்டே இருக்குமாம். அதை இன்ஜினே உறிஞ்சி எடுத்துக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் உண்டு. ‘பிரீத்தர் ஓஸ்’ என்றார் பாய். மூச்சுக்குழாய்தான். அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெந்த கத்தரிக்காய் மாதிரி குழைந்திருந்தது. இன்ஜின் வேகம் எடுக்கும்போது அந்தக் குழாயின் இரண்டு பக்கமும் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்வது எங்கள் கண்ணெதிரிலேயே தெரிந்தது. வழி அடைத்துவிடுகிறது. உள்ளே காற்று முட்டுகிறது. முட்டிய காற்று எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வேகம் குறைந்தால் குழாய் விரிந்துவிடும், ஒழுகலும் நின்றுவிடும்.

“பேக்கிங் மட்டும் மாத்தியிருந்தா?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நாள் நிக்குங்கக்கா. அப்பறம் வேற எங்கயாவது பிச்சுக்கிட்டு வரும். நானும் தலையச் சொறிஞ்சுட்டு நின்னிருப்பேன்.” பிறகு என் கணவரைப் பார்த்து, “சார், அந்த வீடியோவ எனக்கு அனுப்பிவிடுங்க. ஒருத்தரும் இப்படி எடுத்துட்டு வந்ததில்ல” என்றார். என் கணவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

புதுக் குழாய் பக்கத்துத் தெருக் கடையிலேயே கிடைத்தது. மாட்டியதும் மறுபடியும் துணியை வைத்தார். எவ்வளவு இழுத்தாலும் துணி அந்த வாயைக் கவ்விக்கொண்டு அசையாமல் கிடந்தது. மூடியின் பேக்கிங்கையும் மாற்றினார். பழசு அப்பளம் மாதிரி காய்ந்து, எடுக்கும்போதே ஒடிந்தது.

தெரு முனைப் பட்டறைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் அந்த ஆயில் சீலைப் பற்றி எதுவும் பேசவில்லை. “துணி எப்படிங்க குதிச்சுது?” என்று கேட்டார். நான் கையால் காட்டினேன். அங்கே நின்றிருந்த ஒரு வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து, துணி வைத்து, எனக்கும் செய்து காட்டினார். அந்த வண்டியில் துணி ஒழுங்காக ஒட்டிக்கொண்டது. இருவரும் தலையாட்டிக்கொண்டோம். கீழ் வீட்டம்மாவின் டைல்ஸில் கறை சோடாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. நான் தொடர்ந்து விரித்துவந்த துணிகள் சுத்தமாகவே இருந்ததால், பிறகு விரிப்பதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வண்டியை விற்பது பற்றி என் கணவர் பேசவில்லை. அடுத்து வந்த விடுமுறை நாளில், “தாராபுரம் வரைக்கும் போயிட்டு வரலாமா?” என்றார். அங்கே யாருக்கும் கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. எதற்கு என்றேன். “சும்மா ஓட்டிப் பாக்கறதுக்கு” என்றார்.

பொங்கலூர் தாண்டி, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் காற்றாலைகளுமாக சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்காற்று பலமாக இருந்தது. அவர் திடீரென்று ஏசியை அணைத்தார். ரேடியோவையும் அணைத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்து, காதைக் கதவோடு வைத்துக்கொண்டார்.

“ஒரு சத்தம் வருது. உனக்குக் கேக்குதா?”

“சூலூர்ல இருந்தே கேட்டுட்டுத்தானுங்க வாரேன்.”

“எங்கிருந்து?”

“தெரியலீங்க.”

“வேகத்தைக் கொஞ்சம் கொறை பாக்கலாம்” என்றார். குறைத்தேன். சத்தம் நின்றது. “இப்பக் கூட்டு” என்றார். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினோம்.